பாதுகாப்புப் பொறுப்பாளரைக் காணவில்லை

கழுத்தில் விசில் தொங்கினால் மனிதருக்கு மூளை கொஞ்சம் சுருங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம். மற்றவர்களைப் பற்றித் தெரியாது. என் மூளை சுருங்கியதற்கு ஊரே சாட்சி.

எங்கள் கோவில்பட்டித் தெருவிலிருந்து இளவட்டங்கள் வருடா வருடம் தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் வரை நடந்து போவார்கள். கூடவே ஒரு தள்ளுவண்டி போகும். அதில் அரிசி, தண்ணீர் கேன், பைகள், ஸ்பீக்கர். முன்னால் பச்சைத் துணி கட்டி முருகன் படம். முறை வைத்து இழுப்பார்கள். பெண்பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, நானும் தோழி செல்வியும் இன்னும் சில பெண்களும் மாதக்கணக்கில் நச்சரித்ததில், குழுவை நடத்தும் மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவழியாக இறங்கி வந்தார்.

"வாங்க. ஆனா ஒண்ணு சொல்லுதேன். ஒரு பொம்பளப்பிள்ளைக்கு ஒண்ணுன்னாலும் அடுத்த வருசத்துல இருந்து இந்தப் பேச்சே கெடையாது. ஒங்க வீட்டுல எல்லாம் யாரு பதில் சொல்லதுக்கு?"

"நான் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன். (நரம்பில்லாத நாக்கு!)

கல்லூரியில் அரைநாள் சாலைப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனவள் நான். ஒரு விசிலும் ஒளிரும் மேல்சட்டையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். போதாதா? பாதுகாப்புப் பொறுப்பாளர் பதவியை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். உடனே சட்டம் போட்டேன். எல்லோரும் பச்சை உடை, தலையில் பச்சைத் துண்டு. கூட்டத்தில் நம் ஆட்களைச் சட்டென்று கண்டுபிடிக்கலாமாம். நடக்கும்போது செல்போன் கூடாது, எல்லாம் வண்டிப் பெட்டிக்குள். (முன்மாதிரியாக முதலில் போனது என்னுடையது. அண்ணாச்சி மட்டும் "யாவாரம் கெட்டுப்போவும்" என்று தர மறுத்துவிட்டார்.) நான் விசில் அடித்தால்தான் உட்கார்ந்தவர்கள் எழ வேண்டும். பொறுப்பாளர் எப்போதும் கடைசி ஆளுக்குப் பின்னால்தான் நடப்பார்.

"ஏட்டி, தைப்பூசத்துக்குப் போற அம்புட்டுப் பேரும் பச்சைதான உடுத்துதாவ?" என்று கேட்டாள் செல்வி.

"பாதுகாப்பு விசயத்துல குறுக்க பேசாத" என்று அடக்கிவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை, புதியம்புத்தூர் தாண்டி, பெட்ரோல் பங்க் பக்கத்து டீக்கடையில் நின்றோம். நான் பங்க் கழிவறைக்குப் போய்விட்டு வந்தேன். கடை முன்னால் தள்ளுவண்டி, பச்சைத் துணி, முருகன் படம், சுற்றிலும் பச்சைத் துண்டுத் தலைகள். விசில் அடித்தேன். எழுந்தார்கள். "வரிசை!" என்றேன். நின்றார்கள். அடேயப்பா, ஒரே நாளில் என்ன ஒழுங்கு! எனக்குப் புல்லரித்துவிட்டது.

சக்கரத்துக்குக் கிரீஸ் போட அண்ணாச்சி எங்கள் வண்டியையும் ஆட்களையும் பங்க்குக்குப் பின்னால் கூட்டிப்போயிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

பின்னால் நடப்பவளுக்குத் தெரிவது முதுகுகள் மட்டும்தான். இரண்டு பக்கமும் கரிசல் காடு. பருத்தி, உளுந்து, மறுபடியும் பருத்தி. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி. என்னவோ சரியில்லை என்று மட்டும் தோன்றியது. வண்டியின் கிறீச் சத்தம் நின்றிருந்தது. பாட்டின் ராகம் மாறியிருந்தது. செல்வி வேறு அகலமாகத் தெரிந்தாள். ஒரு டீயில் இவ்வளவு சதை போடுமா என்று குழம்பினேன்.

"ஏட்டி செல்வி, ரோட்டுல வெள்ளக் கோட்டத் தாண்டாத! ஓரமா வா!"

அவள் மறுபேச்சில்லாமல் ஓரமானாள். செல்வி சொன்ன பேச்சைக் கேட்டதும்தான் எனக்கு நிஜமான சந்தேகமே வந்தது. ஓடிப்போய் முகத்தைப் பார்த்தேன். அறுபது வயது அம்மாள் ஒருவர்.

"இப்பம் சரியா வாரேனா தாயி?" என்றார் பயந்துபோய்.

"நீங்க யாரு?"

"நாங்க இடைசெவல் பக்கம். நீ யாரும்மா?"

"நான் பாதுகாப்பு."

"அதான் தெரியுதே. போலீசுல அனுப்புனாவளா, கோயில்லயா?"

நடுரோட்டில் நின்று அழுதுவிட்டேன். என்னைப் பற்றிய பயமில்லை. ஒரு பெண்ணைக் காணோம். ஆக, அண்ணாச்சி சொன்ன அந்த 'ஒண்ணு' நடந்தேவிட்டது. அத்தனை பேர் கெஞ்சி வாங்கிய அனுமதியை ஒரே விசிலில் ஊதித் தள்ளிவிட்டேனே!

அம்மாள் தன் செல்போனை நீட்டினார். யார் எண் தெரியும்? எல்லாம் என் போனுக்குத்தான் தெரியும். அது வண்டிப் பெட்டியில் கிடக்கிறது. எனக்கு மனப்பாடம் அம்மாவின் எண் மட்டும். அம்மாவிடம் சொன்னால் தெருவுக்கே தெரியும். சொல்லாவிட்டால் அங்கே எந்தக் கிணற்றையெல்லாம் எட்டிப் பார்ப்பார்களோ! அழைத்துவிட்டேன்.

"எம்மா, நான் தொலைஞ்சு போயிட்டேன்."

"நீயா? பெறவு பேசுதது யாரு?"

"நான்தாம்மா. நான் இங்கனதான் இருக்கேன். வண்டியத்தான் காணோம்."

"எவனும் களவாண்டுட்டானா?"

"இல்லம்மா, இங்க வேற வண்டி இருக்கு."

"அதான் வண்டி இருக்குல்லா! ஏட்டி, வெயில் தலைக்கு ஏறிட்டோ?"

ஒருவழியாகப் புரிந்துகொண்டு அம்மா அண்ணாச்சியை அழைத்தாள். அவர் வந்து சேரும்வரை இடைசெவல்காரர்கள் என்னைத் தனியே விட்டுப் போகமாட்டோம் என்று கூடவே உட்கார்ந்து, கடம்பூர் போளியும் கொடுத்தார்கள். அழுதுகொண்டே இரண்டு தின்றேன். அண்ணாச்சி யாரிடமோ இரவல் வாங்கிய மொபெட்டில் வந்து இறங்கினார். எனக்குத் தலை நிமிரவில்லை. அம்மாள் மட்டும் பணிவாகக் கேட்டார்: "தாயி, நாங்க இப்பம் எந்திரிக்கலாமா? விசில் அடிக்கலையே."

திரும்பிப் போனால், பையன்கள் என்னைத் தேடி ஆளுக்கொரு திசையில் ஓடியிருந்தார்கள். அவர்களில் இருவரைக் காணோம் என்று வேறு இருவர் தேடப் போயிருந்தார்கள். பெண்கள் மட்டும் வண்டியைச் சுற்றி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரையும் ஒன்றுசேர்க்க மத்தியானமாகிவிட்டது. அண்ணாச்சி திருச்செந்தூர் கோயில் வாசலில் போய்த்தான் தீர்ப்புச் சொன்னார்.

"பொம்பளப்பிள்ளைக வண்டிய விட்டு அசையல. பயலுவளத் தேடித்தான் எனக்கு நாக்குத் தள்ளிட்டு. அடுத்த வருசமும் அவிய வரட்டும்." பிறகு என்னைப் பார்த்தார். "பாதுகாப்பு மட்டும் வேண்டாம்."

மறுபடியும் அழுதேன், இந்தத் தடவை சந்தோஷத்தில். இப்போது பெண்களே வண்டி இழுக்கிறார்கள். முன்னால் நிற்பவள் என் தங்கை. என் பெயரைச் சொன்னால் மட்டும் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

வீட்டில் இன்னும் மோசம். என் கல்யாணத்தன்று மணவறையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். மேளம் உச்சத்துக்குப் போகிற நேரத்தில் அம்மா காதருகே குனிந்தாள். நல்ல புத்தி ஏதாவது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏட்டி, ஒரு தடவ நிமிந்து முகத்தப் பாத்துக்கோ. நம்ம மாப்பிள்ள இவியதானா?"

பார்த்தேன். இரண்டு தடவை.