சூடேத்தி வைத்த பொத்தான்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பெரியநாயக்கன்பாளையத்தில் தகரக் கொட்டகையில் ஒற்றை லேத்தோடு ஆரம்பித்துப் பம்புசெட் கம்பெனி கட்டினேன். பக்கத்திலேயே இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி கட்டினேன். கிணறெல்லாம் வறண்ட வருஷத்தில், இனி பம்பு யாருக்கு என்று ஊரே சிரித்தபோது, போர்வெல் மோட்டாரில் இறங்கி ஜெயித்தேன். இத்தனையும் செய்த என்னை ஒரு மாதம் வாயைப் பொத்தி உட்கார வைத்தவன் இந்த உலகத்தில் ஒருவன்தான். சூடேத்தி.

சொந்தப் பெயர் ஏதோ உண்டு. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, கம்பெனிகளுக்காக மொத்தமாக ஈமெயில் அனுப்பிக் கொடுக்கும் சர்வீஸ் ஒன்றைத் தொடங்க, என் பேக்கிங் ஷெட் மாடியில் உட்கார்ந்து திட்டம் போட்டுக்கொண்டிருந்தான். முதல் வாடிக்கையாளர் நான்.

"டீலருங்க, கடைக்காரருங்க நாலாயிரம் பேரு இருக்கறாங்க. நாளைக்கே எல்லாத்துக்கும் அனுப்பிப்போடு கண்ணு" என்றேன்.

பதறிவிட்டான். "ஏனுங்கய்யா, புது மோட்டாரை எறக்குன அன்னைக்கே ஃபுல் லோடு குடுப்பீங்களா? புது அட்ரஸ்ல இருந்து ஒரே நாள்ல நாலாயிரம் போனா, மெயில் கம்பெனிக்காரங்க களவாணின்னு நெனச்சு ஸ்பேம்ங்கற குப்பைக் கூடையில தள்ளிப்போடுவாங்க. மொதல்ல சூடேத்தோணுங்க."

என் பம்பை வைத்தே என்னை மடக்கினான். முதல் நாள் இருபது கடிதம். மறுநாள் நாற்பது. என் சம்பந்தி "சரிங்க" என்று ஒற்றை வார்த்தை பதில் போட்டதற்கு, மாடியிலிருந்து ஓடி வந்து எனக்குக் கை கொடுத்தான்.

அதிலும் அனுமதி கேட்காமல் அனுப்ப மாட்டான். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "ஏனுங்க, உங்களுக்கு ஒரு ஈமெயில் அனுப்பலாங்களா?" என்பான். கருமத்தம்பட்டிக்காரர் ஒருவர், "அதான் போன்லயே வந்துட்டீங்களே, சங்கதியச் சொல்லிப்போடுங்க" என்றார். "இல்லீங்க, அத மெயில்லதான் சொல்லோணுங்க" என்று வைத்துவிட்டான்!

இவ்வளவு பக்குவம் பார்த்தும் மூன்றாவது வாரம் இடி விழுந்தது. கடிதம் வாங்குகிறவர்களே 'இது ஸ்பேம்' என்று அமுக்கிக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் மெயில் கம்பெனிகள் அவன் அட்ரஸையே அடைத்துவிடும், சர்வீஸைத் திறக்கவே முடியாது. மாசமாக இருந்த மனைவியை இங்கே விட்டுவிட்டு அவன் பெங்களூருக்கே திரும்ப வேண்டியதுதான். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனான். எனக்கே சங்கடமாகிவிட்டது.

அவிநாசிக் கடைக்காரர் ஒருவரை என் எதிரில் போனில் பிடித்தான். "ஏனுங்கண்ணா, புடிக்கலைன்னா கீழ 'வேண்டாம்'னு பொத்தான் இருக்குதுங்களே?"

"அதெப்படிங்க மூஞ்சிக்கு நேரா வேண்டாங்கறது? உங்க மனசு நோகுமில்லீங்க. அதான் சத்தமில்லாம ஸ்பேம்ல போட்டுட்டனுங்க."

சூடேத்தி தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து எனக்கு நிலத் தரகர் ஒருவரின் போன். அருமையான இடமாம், ஒருக்கா வந்து பார்க்க வேண்டுமாம். "பாக்கலாங்க" என்று வைத்தேன்.

"போயிப் பாப்பீங்களாய்யா?"

"எங்க பாக்கறது? வேண்டாங்கறதத்தான் அப்படிச் சொன்னேன்."

 அதைக் கேட்டதும் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினான்.

மறுநாள் கடிதத்தின் அடியில் 'வேண்டாம்' போய், 'பாக்கலாங்க' என்று பொத்தான் இருந்தது. அமுக்கினால் அதோடு கடிதம் நின்றுவிடும். ஆயிரம் பேர் சந்தோஷமாக அமுக்கினார்கள். ஆயிரம் பேர் போச்சே என்று நான் புலம்பினேன். ஆனால் மீதிப் பேருக்குக் கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. மகள் பிறந்தபோது சூடேத்தி ஏழு கம்பெனிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். பெங்களூர்ப் பேச்சே இல்லை.

இப்போது யார் கேட்டாலும் "தானாத் தோணுச்சுங்க" என்கிறான். தானாகவா? கோயில் டியூப்லைட்டுக்கே உபயம் எழுதுகிற ஊர் இது. பொத்தானுக்குக் கீழே, 'சொல் உபயம்: பம்புசெட் அய்யா' என்று போடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "பாக்கலாங்கய்யா" என்றான்.

அவன் கடிதம் வாராவாரம் எனக்கும் வருகிறது. அந்தப் பொத்தானை நான் இதுவரை அமுக்கியதில்லை, அமுக்கவும் மாட்டேன். ஆனாலும் உபயம் போட்டே ஆக வேண்டும்.