நல்வாழ்வு வாரமும் தூங்காத தேவாங்கும்

ஒரு காட்டில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரி இருந்தது. காட்டுக்குள் எதற்கு இன்ஜினியரிங் கல்லூரி என்று என்னிடம் கேட்காதீர்கள். நாட்டில் இருக்கிற கல்லூரிகளே கடைசி பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, ஆடு மேய்கிற பொட்டலில்தான் இருக்கின்றன. அதற்கு இது எவ்வளவோ பரவாயில்லை. இங்கே நிழலாவது இருந்தது.

அந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தது பூங்கோதை என்கிற தேவாங்கு. குச்சி குச்சியாகக் கையும் காலும், முகத்தில் பாதிக்குக் கண்ணுமாக இருக்குமே, அந்தச் சின்னப் பிராணிதான். பகலெல்லாம் சுருண்டு தூங்கிவிட்டு, இருட்டிய பிறகு எழுந்து பூச்சி பிடித்துத் தின்பது அதன் குல வழக்கம். கல்லூரியிலோ பகலில் வகுப்பு. சரி, ராத்திரி தூங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால் ஹாஸ்டலில் ஸ்டடி ஹவர். அது முடிந்தால் ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும். அதையும் எழுதித் தொலைத்துவிட்டுத் தலையைச் சாய்த்தால், மெஸ்ஸில் இட்லி தீரப்போகிறது என்று யாராவது கதவைத் தட்டுவார்கள். இப்படியே ஒரு செமஸ்டர் ஓடியதில் பூங்கோதைக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சாப்பாடு இறங்கவில்லை. போர்டில் எழுதியதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. குளிக்கப் போன இடத்தில் எதற்கு வந்தோம் என்று மறந்து, வாளியையே பார்த்துக்கொண்டு நின்றது.

அதற்கு வேண்டியதெல்லாம் நாலு நாள் லீவு. வீட்டுக்குப் போய், அம்மா பிடித்துத் தருகிற வெட்டுக்கிளியை வயிறாரத் தின்றுவிட்டு, புளியமரக் கிளையில் படுத்துத் தூங்க வேண்டும். பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் ஹாலில் போய் உட்கார்ந்தால் கேள்வித்தாளைத் தின்றுவிடுவோமோ என்று அதற்கு உள்ளூரப் பயம்.

லீவு லெட்டரை எடுத்துக்கொண்டு பிரின்சிபாலிடம் போனது. பிரின்சிபால் ஒரு மயில். மற்ற பிராணிகளை எல்லாம் அது, இது என்று சொல்கிற எனக்கு, பிரின்சிபாலை அப்படிச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. ஆகவே, அவர். அவர் லெட்டரைப் பார்க்கவில்லை, பூங்கோதையின் கண்ணைத்தான் பார்த்தார். தூக்கமில்லை என்று சொல்கிற முகமா இது, கண் இரண்டும் பல்பு போட்ட மாதிரி பளிச்சென்று இருக்கிறதே என்றார். தேவாங்கின் கண் பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்று அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? போதாக்குறைக்கு, கல்லூரிக்குக் கிரேடு போட ஆய்வுக் குழு வரப்போகிறது. மாணவர் நல்வாழ்வுக்கு இந்த வருடம் தனி மதிப்பெண்ணாம். அதனால் நல்வாழ்வு வாரம் கொண்டாடப் போகிறோம், அந்த வாரத்தில் யாருக்கும் லீவு கிடையாது, செத்தாலும் அட்டெண்டன்ஸ் கொடுத்துவிட்டுத்தான் சாக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

நல்வாழ்வு வாரம் தொடங்கியது. அதன் லட்சணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். விடிவதற்கு முன்பே எழுப்பி மன அமைதி நடை. சாப்பாட்டு நேரத்தைக் குறைத்துக்கொண்டு, நிதானமாகச் சாப்பிடுவது பற்றிய உரை. சாயங்காலம் மைதானத்தில் சிரிப்புப் பயிற்சி, அதில் சத்தமாகச் சிரிக்காதவர்களுக்கு இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள். எல்லோரும் படுக்கப் போகிற நேரம் பார்த்து, 'நன்றாகத் தூங்குவது எப்படி' என்று ஒரு கருத்தரங்கு. சிறப்புப் பேச்சாளர் ஒரு வௌவால். அது தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, படம் படமாகப் போட்டுக் காட்டி, விடிய விடியப் பேசியது.

இதற்கெல்லாம் சிகரமாக நல்வாழ்வு அறை என்று ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே மெத்துமெத்தென்று பீன் பேக்குகள், சுவரில் நீலப் பெயின்ட், மூலையில் ஒரு சின்ன நீரூற்று. பிரின்சிபால் ரிப்பன் வெட்டினார், எல்லோரும் கை தட்டினார்கள், உடனே பூட்டிவிட்டார்கள். மாணவர்கள் உட்கார்ந்தால் அழுக்காகிவிடும் அல்லவா? பீன் பேக்குகளின் மேல் இருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. சாவி ஆபீஸில் இருந்தது. பூங்கோதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மெத்தைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனது.

பூங்கோதையின் அறைத்தோழி செண்பகவல்லி, ஓர் எருமை. நல்ல பெண். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாது, பாடத்தையும் சேர்த்து. வௌவால் பேசிய கருத்தரங்கில் முதல் வரிசையிலேயே உட்கார்ந்து, மைக் சத்தத்தையும் மீறிக் குறட்டை விட்டது. மேடையில் இருந்த பிரின்சிபாலுக்குத் தோகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. தூக்கத்தைப் பற்றிய கூட்டத்தில் தூங்குவதற்கு என்ன கொழுப்பு என்று கத்தினார்.

"ஒரு வாரத்துக்கு இந்த காலேஜ் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. சஸ்பெண்ட்!"

செண்பகவல்லி அழும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது கொட்டாவி விட்டுக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டது.

பூங்கோதைக்கு நாளுக்கு நாள் முடியாமல் போனது. ஒரு நாள் லேபில் கையில் இருந்த குடுவையைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குக்கூட அசையாமல் நின்றது. உடனே கவுன்சலிங்குக்கு அனுப்பினார்கள். கவுன்சலர் ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டு, கேட்கவே இதமான குரலில் பேசும். மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடு, இந்த அறையைத் தாண்டி ஒரு வார்த்தை வெளியே போகாது என்றது. பாவம், பூங்கோதை நம்பியது. தூக்கமில்லை, பயமாக இருக்கிறது, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தேம்பித் தேம்பி அழுதது. கொக்கு மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடச் சொன்னது. பூங்கோதை மூச்சை உள்ளே இழுத்தபோது விஷயம் பிரின்சிபாலுக்குப் போயிருந்தது. வெளியே விட்டபோது பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருந்தது.

அடுத்த நாளே அம்மா தேவாங்கு வந்து நின்றது. தூக்குச்சட்டி நிறைய வெட்டுக்கிளி. மகளைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். அம்மா தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டது.

"யாருடி அந்தப் பையன்?"

எந்தப் பையனும் இல்லை என்று பூங்கோதை தலையில் அடித்துச் சத்தியம் செய்தது. பையன் இல்லாமல் வயசுப் பெண்ணுக்கு எப்படித் தூக்கம் போகும், உன் வயதில் நான் வெயிலில் கூடத் தூங்கினேன் என்று அம்மா புலம்பியது. ஆனாலும் பெற்ற வயிறு. மகளின் கை நடுங்குவதைப் பார்த்ததும் அதற்குத் தாங்கவில்லை. நாலு நாள் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று பிரின்சிபாலிடம் கெஞ்சியது. தாராளமாகக் கூட்டிப் போங்கள், அட்டெண்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டோம், ஒரு வருடம் போகும், அவ்வளவுதான் என்றார் அவர். அட்டெண்டன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டது. உங்கள் மகளைத் தனிக் கவனம் எடுத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் வாக்குக் கொடுக்க, அம்மா கும்பிட்டுவிட்டு ஊருக்குப் போனது. அந்தத் தனிக் கவனம் என்னவென்றால், கூடுதலாக ஒரு மன அமைதி நடை. மத்தியானத்தில்.

ஆய்வுக் குழு வரும் நாளும் வந்தது. குழுத் தலைவர் ஒரு கரடி, பெரிய படிப்பெல்லாம் படித்தவர், ஆகவே இவரும் 'அவர்'தான். நல்வாழ்வு அறையில் மலர்ந்த முகத்தோடு ஒரு மாணவி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பிரின்சிபால் நினைத்தார். யாரைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? பூங்கோதையைத்தான். அத்தனை கண்களிலும் அதன் கண்தான் சுறுசுறுப்பாக இருக்கிறதாம். அன்று காலையில்தான் பூட்டைத் திறந்தார்கள், அப்போதுதான் பிளாஸ்டிக்கைக் கிழித்தார்கள். பூங்கோதையை உட்கார வைத்து, கரடி வந்து கேட்டால் நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்று கொக்கு பாடம் சொல்லிக் கொடுத்தது.

பீன் பேக் மெதுவாக உள்வாங்கியது. அந்த செமஸ்டர் முழுக்க மர பெஞ்சையும் இரும்புக் கட்டிலையும் தவிர வேறொன்றையும் அறியாத உடம்பு. நீரூற்று வேறு சலசலத்தது. நான் மகிழ்ச்சியாக என்பது வரைக்கும் சொல்லிப் பார்த்துக்கொண்ட பூங்கோதை, அதற்கு மேல் முடியாமல், தலையைக் கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு சுருண்டு தூங்கிப்போனது.

கரடியை அழைத்துக்கொண்டு கதவைத் திறந்த பிரின்சிபால் வாசலிலேயே நின்றுவிட்டார். கரடி குனிந்து பார்த்தார்.

"தியானம் சார்," என்றது கொக்கு, கண்ணைத் திறக்காமலே. "எங்க பிள்ளைங்க இந்த அளவுக்கு ஆழமாப் போவாங்க."

கரடி உருகிப்போனார். எத்தனையோ கல்லூரி பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு நிம்மதியை எந்த மாணவர் முகத்திலும் பார்த்ததில்லை என்றார். முகம் கால்களுக்கு நடுவில் இருந்தது வேறு விஷயம். எல்லோரும் சத்தமில்லாமல் வெளியேறி பிரியாணி சாப்பிடப் போனார்கள். கல்லூரிக்கு ஆக உயர்ந்த கிரேடு கிடைத்தது. கரடியின் வண்டி கேட்டைத் தாண்டியதும் கொக்கு ஓடி வந்து பூங்கோதையை உலுக்கி எழுப்பியது. அறையைப் பூட்ட வேண்டுமாம்.

பாராட்டு விழா ஏற்பாடானது. பூங்கோதைக்கு நல்வாழ்வுத் தூதர் என்று பட்டம். இனிமேல் ஊர் ஊராக மற்ற கல்லூரிகளுக்குப் போய் அந்த ஆழ்ந்த தியானத்தைச் செய்து காட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் உண்டு என்று பிரின்சிபால் சொன்னார். பூங்கோதை மறுபடியும் லீவு லெட்டரை நீட்டியது. அவர் சிரித்துவிட்டு, அதன் பின்பக்கத்திலேயே பயணத் திட்டத்தை எழுதிக் கொடுத்தார்.

விழாவன்று காலையில் செண்பகவல்லி திரும்பி வந்தது. தோல் எண்ணெய் தடவினாற்போல மினுமினுத்தது. கன்னம் உப்பியிருந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பையை வைத்தது. பூங்கோதை அதை ஏற இறங்கப் பார்த்தது. வீட்டில் திட்டவில்லையா என்று கேட்டது.

"திட்டுனாங்க. ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் குளத்துல கெடந்தேன், தூங்குனேன். அட்டெண்டன்ஸ் கூடப் போகலடி. சஸ்பென்ஷன் அவங்களே குடுக்கறதாம், கணக்குல வராதாம்."

பூங்கோதை விழாவுக்குக் கிளம்பும் வரைக்கும் கட்டிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது.

விழாவுக்கென்று மறுபடியும் வந்திருந்த கரடி மேடையில் சான்றிதழைக் கொடுத்து, இந்த நிம்மதியின் ரகசியத்தை எல்லோருக்கும் சொல்லம்மா என்று மைக்கையும் கொடுத்தார். பிரின்சிபால் தோகையை விரித்து நின்றார். பூங்கோதை மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

"அது தியானம் இல்லைங்க சார். தூங்கிட்டேன். இங்க எங்களத் தூங்கவே விடறதில்ல. அந்த ரூம அன்னைக்குக் காலையிலதான் திறந்தாங்க, நீங்க போனதும் பூட்டிட்டாங்க."

நீங்கள் இந்த மாதிரிக் கதைகள் நிறையப் படித்தவர்கள். கரடி இப்போது வெகுண்டெழுவார், மயிலுக்குத் தண்டனை கொடுப்பார் என்று காத்திருப்பீர்கள். கரடியோ, கிரேடை வெப்சைட்டில் ஏற்றியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

பிரின்சிபால் குதிகுதி என்று குதித்தார். கல்லூரியின் மானத்தை வாங்கிய உனக்கு ஒரு வாரமெல்லாம் போதாது, பரீட்சை தொடங்குகிற வரைக்கும் இந்தப் பக்கம் முகத்தையே காட்டாதே என்று அங்கேயே சஸ்பெண்ட் செய்தார். பூங்கோதை நன்றி சார் என்றது. மனதாரத்தான் சொன்னது.

வீட்டில் அம்மா ஒரு நாள் முழுக்கத் திட்டியது. பிறகு மகள் தூங்குகிற கிளைக்குக் கீழே யாரும் சத்தம் போடாமல் காவலுக்கு உட்கார்ந்துகொண்டது. பூங்கோதை தூங்கியது, எழுந்து தின்றது, மறுபடியும் தூங்கியது. கை நடுக்கம் நின்றது. பரீட்சைக்கு வந்து, கேள்வித்தாளைத் தின்னாமல் எழுதி, பாஸும் ஆகிவிட்டது.

பூங்கோதை ஊருக்குப் போன மறுநாள் கல்லூரியில் நடந்ததைத்தான் இன்னும் சொல்லவில்லை. பிரின்சிபால் காலையில் வந்து பார்த்தால் அவர் அறை வாசலில் மைதானம் வரைக்கும் வரிசை நின்றது. அணில், கீரி, மான், முள்ளம்பன்றி என்று எல்லாம் கண்கள் சிவந்து, பையோடும் பெட்டியோடும் நின்றன. என்ன வேண்டும் என்று அவர் அதட்டினார். முன்னால் நின்ற அணில் பணிவாகப் பதில் சொன்னது.

"ஒண்ணுமில்ல சார். உண்மை சொல்லணும்."

நீதி: எப்போதும் உண்மையே பேசுங்கள். லீவு லெட்டரை விட அதற்குச் சீக்கிரம் பதில் வரும், உடம்புக்கும் நல்லது.