அமானிதமாக வந்த சூரிய செல்

2025 ஒக்டோபர் 16, வியாழக்கிழமை, பி.ப. 3.10 மணி
மருதமுனை

01. விடயம்: நீங்கள் தந்த பெரொவ்ஸ்கைற் சூரிய செல் வினைத்திறன் இழந்தமையும், இழக்கவில்லை என்று பின்னர் தெரியவந்தமையும்

அன்பின் மருமகன் றாஸிக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மாமி றுகையாவும் சுகம். உங்கள் உம்மாவும் என் தங்கையுமாகிய சரீபாவும் சுகம். ஆனால் நேற்றுப் பின்னேரம் வரை அவள் என்னோடு கதைக்கவில்லை. காரணம் கீழே வருகிறது.

ஓகஸ்ட் 21ஆம் திகதி, ஜேர்மனிக்குத் திரும்பும் முன் அந்தக் கண்ணாடிச் சில்லை எங்கள் மொட்டை மாடியில் பொருத்தி, "மாமா, இது உங்கட கையில அமானிதம். என்ட நாலு வருசப் படிப்பு இதுக்குள்ளதான் இரிக்கி" என்றீர்கள். இவ்வகைச் செல்லுக்கு ஈரமும் சூடும் ஆகாது, அதன் கறுப்பு மஞ்சளானால் செல் செத்தது என்றும் சொன்னீர்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மழைமானியைக் காத்து ஓய்வு பெற்றவனிடம் இவ்வளவையும் சொன்னால் அவன் என்ன செய்வான்? நம்பி ஒப்படைத்த அமானிதத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் மறுமையில் கேள்வி உண்டல்லவா? ஆகவே உச்சி வெயிலில் அதன் மேல் என் கைத்தறிச் சாரனைப் போர்த்தினேன், மழை இருட்டினால் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இப்படிப் பிள்ளைபோல் பார்த்தும், செல்லோடு நீங்கள் பொருத்திய பெட்டி ஜேர்மனிக்கு அனுப்பிய கணக்கில் வினைத்திறன் இருபத்தொரு வீதத்திலிருந்து பதினொன்றாகி, பிறகு பூச்சியமும் ஆகிவிட்டது. ஓரத்தில் மஞ்சளும் கண்டேன். திங்களன்று நீங்கள் அழாக்குறையாகக் கதைத்தீர்கள்: "மாமா, செல் செத்திட்டு. பேராசிரியர் என்ட வேலைய இன்னொராளுக்குக் குடுக்கப் போறார்." சரீபா வாசலில் வந்து நின்று, "காக்கா, என்ட புள்ளட படிப்பையும் மழமானி எண்டு நினச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நேற்று முற்பகல் வீடியோவில் மாடியைக் காட்டச் சொன்னீர்கள். காட்டினேன்.

"மாமா, அது என்ன போர்வ?"

"சாரன், மருமகன். வெயில் படாம."

"சூரிய செல்லுல வெயில் படாம?"

"ஓம்."

"பக்கத்தில இரிக்கிற வெயில் அளக்கிற குமிழையும் மூடினீங்களா?"

"அத அமானிதம் எண்டு நீங்க சொல்லல்லியே."

குமிழ் நல்ல வெயில் என்கிறது, செல்லிலோ மின்சாரம் இல்லை. ஆகவே செல் செத்தது என்று பெட்டி கணக்கிட்டிருக்கிறது. சாரனை எடுத்ததும் இருபது தசம் ஆறு! மஞ்சளும், மீனுக்கு மஞ்சள் பிரட்டிய கையால் உங்கள் மாமி செல்லை எடுத்துவைத்ததால் வந்தது, துடைத்ததும் போய்விட்டது. "வெயில்லயும் மழயிலயும் கிடக்கட்டும் மாமா! பழுதாகுதா எண்டு பாக்கத்தான் அங்க வச்ச!" என்று நீங்கள் கத்தினீர்கள். பழுதாவதற்கு அமானிதம் தருவதை நான் கேள்விப்பட்டதேயில்லை. றுகையாதான், "அப்ப பழுதாக உடுறதும் அமானிதம்தான். சாரனத் தாங்க, தோய்க்கணும்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

பேராசிரியர் சமாதானமாகிவிட்டார் என்ற உங்கள் செய்தி கிடைத்ததும் சரீபா வட்டிலப்பம் அனுப்பினாள். அல்ஹம்துலில்லாஹ், நேற்றிரவுதான் நிம்மதியாக உறங்கினேன். இனிப் பழக்கதோஷத்தில் நான் அதைப் பூட்டி வைக்காதிருக்க, அலுமாரிப் பூட்டின் திறப்பையே இத்துடன் உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

அல்லாஹ் உங்கள் கல்வியில் பறக்கத்தும், அந்தக் குளிரில் உடலுக்கு ஆரோக்கியமும் தருவானாக.

உங்கள் மாமா,
ஆ. மு. பளீல்

பி.கு. (பி.ப. 4.25): கையொப்பமிடும்போது மேற்கே இருட்டி மழை கொட்டத் தொடங்கியது. ஓடிப்போய்க் கழற்றிவிட்டேன், ஒரு துளியும் படவில்லை. வழமையான இடத்தில் பத்திரமாகப் பூட்டியிருக்கிறது, கவலை வேண்டாம். தபால் கந்தோர் மூடும் முன் கடிதத்தைச் சேர்க்க வேண்டியிருப்பதால் இத்துடன் முடிக்கிறேன்.

இணைப்புகள்:
1. மஞ்சள் துடைத்த துணி – 01
2. சாரனின் புகைப்படம் (தோய்த்த பின்) – 01
3. அலுமாரித் திறப்பு – 01 (வேறு திறப்பு கிடையாது)