இந்த சீசனில் அதிகம் முன்னேறியவர்

“டைம் அவுட்!” என்று கத்திக்கொண்டே, டி.வி.யில் விளம்பரம் வந்த கையோடு பூபாலன் சமையலறைக்கு ஓடினார். ஓடிய வேகத்தில் தேங்காய்ச் சில்லுகளை மிக்ஸி ஜாரில் கொட்டி, இரண்டு பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டு, மூடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஒசேயி முன்னேறல வைத்தி! போன வருஷம் பத்து நிமிஷம் ஆடினான், இந்த வருஷம் முப்பது நிமிஷம் ஆடுறான். நேரம் கூடிச்சு, பாயிண்ட் கூடிச்சு. இதுக்குப் பேர் முன்னேற்றமா?”

மிக்ஸி உறுமியது. சோபாவில் கால் மேல் கால் போட்டிருந்த மேல்வீட்டு வைத்தியநாதன், உறுமல் நிற்கும்வரை வாயைத் திறந்தபடியே காத்திருந்தார்.

“எதுக்குக் குடுத்தான் கோச் முப்பது நிமிஷம்? அவன் மாமனா? திறமை இருக்கு, குடுத்தான். உன் க்ரோவ் ஏற்கெனவே ராஜா. ராஜா இன்னொரு கிரீடம் வெச்சுக்கிட்டா அது முன்னேற்றமாய்யா?”

“அதே நேரத்துல க்ரோவ் போன வருஷம் இருபது பாயிண்ட், இந்த வருஷம் இருபத்தெட்டு! கணக்குப் பாரு!”

கடுகு வெடித்தது. விளம்பரம் முடிவதற்குள் தாளித்த சட்னியும் கழுவிக் கவிழ்த்த ஜாருமாக வேலை முடிந்து, பூபாலன் சோபாவில் இருந்தார்.

அமெரிக்காவில் ராத்திரி ஆடுகிற கூடைப்பந்து மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு விடிகாலையில் வந்து சேரும். அந்த நேரத்தில் வைத்தியநாதன் வீட்டு டி.வி.யில் அவர் மனைவி ஜலஜா சுப்ரபாதம் வைத்துவிடுவாள். அவர் லுங்கியோடு இறங்கிக் கீழே வந்துவிடுவார். பூபாலனோ வெறும் ரசிகர் இல்லை. வாலிபத்தில் ரயில்வே அணியின் பன்னிரண்டாவது ஆள். மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தே ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். ஏப்ரல் பிறந்து சீசன் முடிகிற வாரத்தில், இந்த வருஷம் அதிகம் முன்னேறிய ஆட்டக்காரர் யார் என்று அமெரிக்காவில் ஓட்டுப் போடுவார்கள். அதற்கு முன்பே மெட்டுகுடாவில் முடிவாகிவிட வேண்டும் என்பது இவர்கள் இருவரின் ஏற்பாடு. ஆறு வருஷமாக ஒரு தடவைகூட முடிவானதில்லை.

அன்று பூபாலனின் குரல் வழக்கத்தைவிட ஓங்கியிருந்ததற்கு வேறு காரணம் இருந்தது.

அவர் மனைவி ஆரோக்கியமேரி நர்ஸ். பன்னிரண்டு வருஷமாக மதிய ஷிப்ட். வார்டு இன்சார்ஜ் பதவி மூன்றாவது முறையாக அவளைத் தேடி வந்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும், ஐந்தரைக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இன்று பதில் சொல்லியாக வேண்டும். முந்தின இரண்டு தடவையும் வீட்டுக்காகத்தான் வேண்டாம் என்றாள். நேற்று சாயங்காலம் பேச்சு எடுத்ததும் பூபாலன் கையை விரித்துக் காட்டினார். “நீ போயிட்டா காலையில யாரு பாக்கறது? கேஸை எந்தப் பக்கம் திருப்பணும்னுகூட எனக்குத் தெரியாதே மேரி.”

“அப்படியா,” என்றாள் மேரி.

இருபது வருஷத்தில் பூபாலன் எத்தனையோ வசவுகளைத் தாங்கியிருக்கிறார். அந்த ‘அப்படியா’வைத் தாங்கும் பலம் அவருக்கு இன்னும் வரவில்லை.

ஆகவே விடிகாலையில் ஒரு திட்டம் போட்டார். மேரியை ஆட்டத்துக்குள் இழுத்துவிட வேண்டும். காபி, மேட்ச், சண்டை, சிரிப்பு என்று வீட்டுக் காலையின் ருசி நாக்கில் ஒட்டிவிட்டால் ஆறு மணி ஷிப்ட் தானாகக் கசந்துவிடும்.

மேரி சாப்பாட்டு மேஜையில் போர்வை விரித்து வெள்ளை யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“மேரி, நீயே சொல்லு. இன்னிக்கு நீதான் நடுவர்.”

“எனக்கு என்னங்க தெரியும்? கோணக்கையும் ஹேர்பேண்டும்தான் தெரியும்.”

கோணக்கை என்பது இடது கையால் பந்து எறியும் க்ரோவ். ஹேர்பேண்டு ஒசேயி.

“அது போதும் சிஸ்டர்,” என்றார் வைத்தியநாதன். “கட்சி இல்லாத ஆள் நீங்கதான்.”

“நான் சொல்றதை ஒத்துக்கணும் வைத்தி அண்ணா. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காரக் கூடாது.”

“ஹவ்,” என்று உள்ளூர் உருதுவில் ஆமாம் போட்டார் வைத்தியநாதன். “ஒத்துக்கிட்டேன்.”

“மாதா மேல சத்தியம்,” என்றார் பூபாலன்.

“மாதாவை இழுக்காதீங்க. எதை வெச்சுத் தீர்ப்பு சொல்லணும்னு எழுதிக் குடுங்க.”

பூபாலனுக்கு உள்ளுக்குள் பல்லெல்லாம் தெரிந்தது. நேற்றைய காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பி, ‘அதிகம் முன்னேறிய ஆட்டக்காரர்’ என்று தலைப்பிட்டு, ஒசேயியை நிற்க வைத்துக் குழி தோண்டும் விதிகளாக எழுதினார். நேரம் கூடியதால் கூடியது கணக்கில் சேராது. அதே நேரத்தில் அன்று என்ன செய்தான், இன்று என்ன செய்கிறான் என்றுதான் பார்க்க வேண்டும். க்ரோவ் தேறியது புது கோச்சின் புண்ணியம் என்று வைத்தியநாதன் ஒரு வாரமாக முனகிக்கொண்டிருந்தார். அதற்கும் ஒரு வரி விழுந்தது: யார் சொல்லிச் செய்தாலும் செய்த கைக்கே பெயர். ஒருநாள் கூத்து செல்லாது, சீசன் முழுக்கச் செய்திருக்க வேண்டும் என்று மூன்றாவதாக ஒன்று. வைத்தியநாதன் தாளைப் பிடுங்கி, ஆரம்பத்தில் எவ்வளவு மட்டமாக இருந்தான் என்பதையும் பார்க்க வேண்டும் என்று கோணல் மாணலாகச் சேர்த்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மேரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மருந்துச் சீட்டு படிப்பதுபோல இரண்டு தடவை படித்தாள்.

“ரெண்டு பேரும் இல்ல,” என்றாள்.

“என்னது?”

“மூணாவதா ஒரு ஆள் இருக்காரு. நீங்க ரெண்டு பேரும் கவனிக்கல.”

வைத்தியநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரியாத ஆட்டக்காரனா? “எந்த டீம் சிஸ்டர்?”

“சொல்றேன். அக்டோபர்ல இந்த ஆளுக்கு ஒரு டைம் அவுட்டுல ஒரு காரியம் முடியாது. தேடறதுக்கே நேரம் சரியாப் போயிடும்.”

“பந்தையா?”

“நவம்பர்ல ரெண்டு தடவை கையைச் சுட்டுக்கிட்டாரு. ஆனா விடல.”

“சுட்டுக்கிட்டானா? நியூஸ்ல வரலையே!”

“ஜனவரியில வெங்காயம். கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட நின்னு ஆடினாரு.”

பூபாலன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இப்போ அதே ரெண்டரை நிமிஷம். சட்னி அரைச்சு, தாளிச்சு, ஜாரைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டு, விளம்பரம் முடியறதுக்குள்ள திரும்பி வந்துடறாரு. நேரம் ஒரு செகண்ட் கூடல. நான்தான் சொன்னேன், விளம்பரம் வரப்போ ஒரு கை குடுங்கன்னு. ஆனா யாரு சொன்னாலும் செஞ்ச கைக்குத்தானே பேரு?”

மகள் ஜெஸ்ஸி வாயில் பிரஷ்ஷோடு அறையிலிருந்து வந்தாள். நுரையைத் தள்ளிக்கொண்டு, “கங்கிராட்ஸ் டாடி,” என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.

“இது நியாயமில்ல!” பூபாலன் எழுந்து நின்றார். “இது கூடைப்பந்து விவகாரம்!”

“ஆட்டக்காரர்னுதான் எழுதியிருக்கு. நீங்க ஆட்டக்காரர் இல்லையா? ரயில்வே டீம்ல ஆடினேன்னு எங்க அப்பாகிட்ட சொல்லித்தானே என்னைக் கட்டினீங்க?”

அதை இப்போது மறுக்க முடியாது. அதை மறுத்தால் கல்யாணமே ஆட்டம் கண்டுவிடும்.

“நான் ஒண்ணும் முன்னேறல வைத்தி! நீயாவது சொல்லு. என் சட்னியில உப்பு தூக்கலா இருக்கு. ஒருநாள் கூத்து!”

வைத்தியநாதன் கிண்ணத்தை இழுத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். க்ரோவை வீழ்த்துவதற்கு இப்படி ஒரு வாய்ப்பு இனி வாழ்நாளில் வருமா?

“நக்கோ பூபால், வேணாம். பொய் சொல்லாதே. ஆறு மாசமா இந்த சட்னியைத்தான் நான் தினமும் தின்னுட்டு இருக்கேன். தீபாவளி சமயத்துல இதைச் சுவத்துல பூசியிருக்கலாம். இப்போ பாரு, ஓட்டல்காரன் தோத்தான். மட்டத்துலேருந்து மேல வந்தவன்னா அது நீதான்யா!”

“நான் மட்டம்தான்! இப்பவும் மட்டம்! நேத்து உப்புமா கட்டி தட்டிப் போச்சு!”

“கட்டியே இல்ல. மழை மாதிரி உதிர்ந்துச்சு.”

“அதிர்ஷ்டம்!”

“போன ஞாயித்துக்கிழமை சாம்பார்?”

“அது மேரி சொல்லச் சொல்ல...”

“யார் சொல்லிச் செய்தாலும்,” என்று வைத்தியநாதன் காலண்டர் தாளைத் தூக்கி வைத்துக்கொண்டு உரக்க வாசித்தார். பூபாலனின் கையெழுத்து, தெளிவாக, ஆபீஸ் குறிப்பு எழுதுகிற அழகோடு இருந்தது.

தன்னைத் தாழ்த்திப் பேச அவரும், தூக்கிப் பிடிக்க வைத்தியநாதனுமாகக் கொஞ்ச நேரம் கூடம் அதிர்ந்தது. இருபது வருஷத்தில் யாரும் பூபாலனை இவ்வளவு புகழ்ந்ததில்லை. நடுவில் ஒரு தடவை, ரசம் பற்றிய பேச்சு வந்தபோது, அவர் தன்னை அறியாமல், “அதுல பெருங்காயம் கடைசியில போடணும் வைத்தி, அதான் சூட்சுமம்,” என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

மேரி சிரிக்கவில்லை. யூனிபார்மை மடித்து வைத்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்று, தணிந்த குரலில் கேட்டாள்.

“கேஸை எந்தப் பக்கம் திருப்பணும்?”

பூபாலன் வலது கையைத் தூக்கி, காற்றிலேயே ஒரு குமிழை அழுத்தி இடது பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

“திங்கக்கிழமையே சேரச் சொல்வாங்க,” என்றாள் மேரி. “இட்லி மாவுக்கு ஞாயித்துக்கிழமையே ஊறப் போட்டுடுங்க.”

“அப்போ மேட்ச்?”

“நல்லாப் பாருங்க. மேட்ச் இல்லேன்னா நீங்க வேலை எப்படிச் செய்வீங்க?”

“சீசன் இன்னும் ஒரு வாரந்தானே மேரி. அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் பிளே ஆஃப். ஜூன் வரைக்கும் இருக்குதாம். ஜெஸ்ஸி பார்த்துச் சொன்னா.”

டீப்பாய் மேல் ஒரு தட்டு நிறையக் கொத்தவரங்காயை வைத்துவிட்டு, மேரி போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். “ஆமா மேடம்... இல்ல மேடம், வீட்ல ஒரு பிரச்சினையும் இல்ல... அவரே ரொம்பச் சந்தோஷமா ஒத்துக்கிட்டாரு,” என்பது கண்ணாடிக் கதவு வழியே தெளிவாகக் கேட்டது.

டி.வி.யில் விசில் ஒலித்தது. க்ரோவ் இடது கையால் தூரத்திலிருந்து எறிந்த பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது.

“பாத்தியா?” என்றார் பூபாலன். குரலில் உயிர் இல்லை.

“ஒண்ணு விழுந்தா ஆச்சா? அங்க ஒசேயி தடுக்கிறதைப் பாரு.”

“தடுக்கிறதுக்கு யாரு ஓட்டுப் போடுறான்?”

“விவரம் தெரிஞ்சவன் போடுவான்,” என்றார் வைத்தியநாதன். கண்ணை டி.வி.யிலிருந்து எடுக்காமல் தட்டைத் தன் மடிக்கு இழுத்து, ஒரு கொத்தவரங்காயின் இரண்டு முனைகளையும் கிள்ளிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.