டாக்டரிடம் காட்டிய புறமுதுகு

என் முதுகுக்குப் பேச வரும் என்று நாற்பத்தாறு வயது வரை எனக்குத் தெரியாது. அந்தச் சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அது ஒரே ஒரு வார்த்தை பேசியது. 'டக்!'

அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

எதிரி வாளை ஓங்கினான், நான் கேடயத்தால் தடுத்தேன், அந்த அதிர்ச்சியில் நேர்ந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் சண்டை முடிந்துவிட்டது. கை குலுக்கியாகிவிட்டது. தரையில் வைத்திருந்த தலைக்கவசத்தை எடுக்கக் குனிந்தேன். குனிந்தது நானாகத்தான். நிமிர்வதுதான் என் கையில் இல்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். பிறப்புக்கு ஒரு ஜன்னல், இறப்புக்கு ஒரு ஜன்னல். பதினெட்டு வருஷமாக நான் இறப்பு. வாழ்க்கையில் ஒரு பிடிப்பே இல்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான், பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் சனிக்கிழமைதோறும் கவசச் சண்டை கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நிஜமான இரும்புக் கவசம். முனை மழுங்கிய வாள். இருபத்திரண்டு கிலோவை உடம்பில் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் யாரையும் அடிக்க முடியாது. வீட்டில் அப்படி நினைக்கவே முடியாது. ஓடிப்போய்ச் சேர்ந்தேன்.

பிடிப்பு கிடைத்தது. வாழ்க்கையில் அல்ல, முதுகில்.

"சார், ரொம்ப நேரமா தரையையே பார்த்துக்கிட்டு நிக்கறீங்களே?" என்றார் கோச்.

"யோசிச்சிட்டிருக்கேன் கோச்."

"அஞ்சு நிமிஷமாவா?"

"பெரிய விஷயம் கோச்."

அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேரைக் கூப்பிட்டு, வார் வாராக அவிழ்த்து, நண்டை ஓட்டிலிருந்து எடுப்பதுபோல் என்னைக் கவசத்திலிருந்து எடுத்து, மெல்ல நிமிர்த்தி நிறுத்தினார். "சாதாரணப் பிடிப்பாத்தான் இருக்கும். எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வீட்டுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?"

"வீட்டுக்கா? வேண்டாம் கோச்! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

என் பயத்துக்குக் காரணம் உண்டு. என் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. ஆள் படியேறும்போதே கண்ணால் அளவெடுத்துவிடுவாள். இஞ்ச் டேப்பை எடுப்பதெல்லாம் வாடிக்கையாளரின் திருப்திக்காக. கவசம் வீட்டுக்கு வந்த அன்று அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இதுக்குள்ள நீங்களா?"

"ஆமா."

"வெளியில இவ்வளவு இரும்பு. உள்ள இருக்கறது அவ்வளவும் பஞ்சு. இதோ பாருங்க, ஒரு காயம், ஒரு சுளுக்கு, எது வந்தாலும் அன்னியோட இந்த விளையாட்டு சரி. சம்மதமா?"

"சம்மதம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அப்போது நிமிர்த்த முடிந்தது.

வீடு திரும்பும் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருப்பது யார்? போனில் 'முதுகு வலி' என்று தட்டினேன். பன்னிரண்டு காரணம் சொன்னது. பதினொன்று ஆளைப் படுக்கையில் போடுவது. பன்னிரண்டாவதைப் படிக்கத் தைரியம் வரவில்லை. இடது குதிகாலில் ஏதோ குறுகுறுத்தது. சரி, நரம்பு போய்விட்டது. இனி என் ஜன்னலில் பிறப்பு ஜன்னல்காரர் உட்காருவார். என் பெயரை அவர்தான் பதிவேட்டில் ஏற்றுவார். 'மரணத்துக்கான காரணம்: தொப்பியை எடுக்கக் குனிந்தது.' தலைக்கவசம் என்று எழுதமாட்டார், சோம்பேறி.

இறங்குகிற இடத்தில் பின்னால் வந்தவர் சுட்டிக் காட்டியபோதுதான் தெரிந்தது, குதிகாலில் குறுகுறுத்தது காலுறையிலிருந்து பிரிந்து தொங்கிய நூல். நரம்பு தப்பித்தது. நான் இன்னும் தப்பிக்கவில்லை. வீடு வந்துவிட்டது.

என் திட்டம் எளிமையானது. ஒரு வாரம். ஏழே நாள். குனியாமல், திரும்பாமல், தும்மாமல், ராணுவ அணிவகுப்பில் நடப்பவன்போல் நடந்து சமாளித்துவிடுவது.

தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலை தூக்கவில்லை.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

மிஷின் நின்றது.

"உட்காருங்களேன்."

"பஸ்ல உட்கார்ந்தே வந்தேன். அலுத்துப்போச்சு."

"ஷூவைக் கழட்டலையா?"

"காலெல்லாம் குளிருது."

"முகத்துல வேர்த்து ஊத்துது."

"அது மேல் மாடி. கால் கீழ் வீடு."

அவள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள். "இடது தோள் முக்கால் இஞ்ச் இறங்கியிருக்கு."

"சட்டை அப்படி."

"நான் தைச்ச சட்டை."

குளிக்கப் போகிறேன் என்று குளியலறைக்குள் போய்விட்டேன். ஷூவோடுதான் போனேன். உள்ளே போனதும் இன்னொரு பயம். வழுக்கி விழுந்தால்? கதவை உடைத்துத்தானே தூக்க வேண்டும்? தாழ்ப்பாள் போடவில்லை. நின்ற வாக்கிலேயே, கழுத்துக்கு மேல் உள்ளது மட்டும் சுத்தமாகும்படி குளித்து முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய மிஷினின் நூல் சுற்றிய பாபின் ஒன்று கீழே விழுந்து என் காலடிக்கு உருண்டு வந்தது.

"அதை எடுங்க."

காலால் மெதுவாகத் தள்ளி அவளிடமே அனுப்பலாம் என்று பார்த்தேன். அது நூலை விட்டுக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டது.

"பந்து விளையாடற வயசா இது?"

"உடற்பயிற்சி."

"சரி, இந்தப் பேண்ட்டைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க. தைக்கக் கொடுத்தவரும் உங்க அளவுதான்."

பேண்ட்! குனியாமல் பேண்ட் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அறைக்குள் போய்ப் படுத்தேன். இரண்டு காலையும் கூரையை நோக்கி உயர்த்தினேன். கண்ணில் நீர் முட்டியது. மேலே இருந்து கிணற்றுக்குள் வாளியை இறக்குவதுபோல் பேண்ட்டை இறக்கினேன். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. வெற்றியோடு வெளியே வந்தேன்.

"ஜிப் பின்னால இருக்கு" என்றாள்.

"இப்போ இதுதான் ஃபேஷன்."

"சரி."

அந்தச் 'சரி'யில்தான் நான் நடுங்கிப்போனேன். என் மனைவி திட்டினால் பயமில்லை. காற்று மழை மாதிரி, அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். அவள் 'சரி' என்று மட்டும் சொன்னால் எங்கேயோ கத்தரிக்கோல் துணியில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அன்று முழுக்க அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. நான் வலியில் வியர்த்தது பாதி, அவள் கேட்காததில் வியர்த்தது பாதி.

திங்கட்கிழமை காலை. அலுவலகத்துக்குக் கிளம்ப வேண்டும். கட்டில் ஓரமாக நின்றுகொண்டு, கையில் காலுறையை வைத்து, தூண்டில் போடுகிறவன்போல் பெருவிரலைக் குறி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மூக்கு அரித்தது.

வேண்டாம், வேண்டாம் என்று மூக்கைக் கெஞ்சினேன். கேட்கவில்லை.

ஒரே தும்மல். இடுப்பில் யாரோ ஆணி அடித்ததுபோல் இருந்தது. அப்படியே முழங்காலில் சரிந்து, முகம் மெத்தையில் புதைந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. இடுப்புக்குக் கீழே எனக்குச் சொந்தமா இல்லையா என்றே தெரியவில்லை. முடிந்தது. இதுதான் அந்தப் பதினொன்று.

வாயைத் திறந்து கூப்பிடுவதற்குள் கதவு திறந்தது. அவள் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றிருக்கிறாள். உதட்டில் குண்டூசி நாலு. ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"காலை அசைங்க."

"அசையுமான்னு தெரியல. பயமா இருக்கும்மா."

"பெருவிரலை மட்டும் ஆட்டுங்க."

"ஆடுதா?"

"ஆடுது. ரெண்டும் ஆடுது."

"நிஜமாவா? எனக்காகச் சொல்லலையே?"

"உங்களுக்காக நான் எப்போ பொய் சொல்லியிருக்கேன்?"

அது உண்மை. கொஞ்சம் மூச்சு வந்தது. அவள் என் முதுகில் கை வைத்தாள். ஒரே தடவையில் ஊசியில் நூல் கோக்கிற கை அது. வலி எந்த இடம் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு. கோச் போன் பண்ணினார்."

"துரோகி! அப்புறம் எதுக்குப் பாபினை எடுக்கச் சொன்னே? எதுக்குப் பேண்ட்?"

"இப்போவாவது வாயைத் திறந்து சொல்லுவீங்களான்னு பார்த்தேன். அன்னிக்குத் தாழ்ப்பாள் போடாம குளிச்சீங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க அப்படிக் குளிச்சதில்ல. ஸ்டூலைப் போட்டுக்கிட்டு வெளியிலேயே உட்கார்ந்திருந்தேன், காஜா எடுத்துக்கிட்டு. அஞ்சு பட்டன் சட்டைக்கு ஏழு காஜா எடுத்து வச்சிருக்கேன்."

இருபது வருஷத் தையலில் அவள் ஒரு காஜா தப்பாக எடுத்து நான் பார்த்ததில்லை. பயமும் பாசமும் ஒன்றாக ஏறினால் மனிதன் என்ன பேசுகிறான் என்று அவனுக்கே தெரிவதில்லை.

"எனக்கு அந்தக் கவசமே வேண்டாம்! எழுந்து நடந்தாப் போதும். அதை உனக்கே கொடுத்துட்டேன். உடைச்சுப் போடு, தூக்கிப் போடு, என்ன வேணா பண்ணிக்கோ!"

"எனக்கா? நிஜமா?"

"சத்தியமா!"

"சரி" என்றாள்.

டாக்டரம்மாவின் அறையில் குப்புறப் படுத்தேன். போர்க்களத்தில் ஒரு நாளும் புறமுதுகு காட்டாதவன், டாக்டரிடம் காட்டினேன். அங்கே இங்கே அழுத்தினார். காலைத் தூக்கச் சொன்னார். உள்ளங்காலில் ஏதோ கிறுக்கினார்.

"தசை கொஞ்சம் இழுத்துக்கிட்டிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

"ஆபரேஷன் எப்போ டாக்டர்?"

"வெந்நீர் ஒத்தடம் போதும்."

"எத்தனை மாசம் படுக்கணும்? மறைக்காம சொல்லுங்க."

"படுக்கவே கூடாது. படுத்தா இன்னும் இறுகிடும். நடங்க. வீட்டுல சின்னச் சின்ன வேலை செய்யுங்க. பளு மட்டும் தூக்காதீங்க. கால் மரத்துப்போச்சுன்னா உடனே வாங்க, அப்படி எதுவும் ஆகாது."

"கவசச் சண்டை?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவர் என் மனைவியைப் பார்த்தார்.

"நல்லா குணமானப்புறம் மெதுவா ஆரம்பிக்கலாம். ஒரு மாசம் போகட்டும்."

எனக்கு உயிர் வந்தது. பயத்தில் சொன்னதெல்லாம் கணக்கில் வராது என்று முடிவு கட்டினேன். ஒரு மாதம் நல்ல பிள்ளையாக இருந்தேன். காலையும் மாலையும் நடந்தேன். ஒத்தடம் கொடுத்துக்கொண்டேன். பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன். அவள் மிஷின் மட்டும் ஒரு மாதிரி கனமாக 'டொக் டொக்' என்று தைத்தது. தோல் பை ஆர்டர் போலிருக்கிறது என்று நினைத்தேன். சனிக்கிழமைகளில் "அளவெடுக்கப் போறேன்" என்று வெளியே போய்விட்டு, கன்னம் சிவக்கத் திரும்பினாள். நானும் கேட்கவில்லை. என் வேலை எனக்கு.

ஐந்தாவது சனிக்கிழமை வலி சுத்தமாக இல்லை. அவள் கிளம்பிய கால் மணி நேரத்தில் அலமாரியைத் திறந்தேன். கோச் ஆள் மூலம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்த கவசம் அங்கே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டாளா? பழைய இரும்புக்குப் போய்விட்டதா? கூடத்துக்கு ஓடினேன். கோச்சிடம் இரவல் கவசமாவது கேட்கலாமே.

கூடத்தில் 'டங் டங்' என்று சத்தம். கோச் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தார். எதிரில் இருந்த ஆள் விடவில்லை. இடம், வலம், இடம் என்று வெட்டு, ஒரே சீராக, மிஷின் ஓடுவதுபோல். அந்த மார்புக் கவசத்தில் அடி வாங்கி நசுங்கிய ஒரு சொட்டை. அது எனக்குத் தெரிந்த சொட்டை.

"நிறுத்துங்க! அது என் கவசம்!"

முகமூடி மேலே ஏறியது. வியர்த்த முகம். மூக்குக்கண்ணாடி இல்லாததால் ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

"உங்களுதா? எனக்குக் கொடுத்ததா சத்தியம் பண்ணினீங்களே" என்றாள் என் மனைவி.

"அது பயத்துல சொன்னது!"

"நானும் பயத்துலதான் வந்தேன். இந்த இரும்பு உங்களை என்னதான் பண்ணிச்சுன்னு ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்னு. போட்டதும் பயம் போயிடுச்சு."

"அது எப்படி உனக்குச் சரியா இருக்கும்? என் அளவாச்சே!"

"உள்ளங்கியைப் பிரிச்சு இடுப்புல மூணு இஞ்ச் பிடிச்சேன். வாரெல்லாம் வெட்டிக் குறைச்சுத் தைச்சிட்டேன். இனிமே உங்களுக்கு ஏறாது."

கோச் மூச்சு வாங்கிக்கொண்டே வந்தார். "சார், மேடம் கைவேகம் இருக்கே! அடுத்த மாசப் போட்டிக்கு அவங்க பேரைத்தான் கொடுத்திருக்கேன்."

"அப்போ நான் கோச்? பட்டியல்ல எனக்கு ஏதாவது இடம் இருக்கா?"

"இல்லாமலா சார்?" என்று பட்டியலை எடுத்துக் காட்டினார். அவள் பெயருக்கு நேராக, அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: 'உடன் வருபவர், ஒருவர்.'