நாலு ஐம்பதுக்கு வந்த காரணம்

செய்தி வந்தபோது அதிகாலை மணி நாலு இருபது. காரணம் வந்தபோது நாலு ஐம்பது.

செய்தியை ஆஸ்பத்திரியிலிருந்து மதினி சந்தனச்செல்வி சொன்னாள். என் அண்ணன் பேச்சிராஜா, வயது நாற்பத்தொன்று, துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டியவன், ஈரல் கெட்டுப் பதினொரு நாள் வார்டில் கிடந்தவன், போய்விட்டான். காரணத்தை எங்கள் முத்தையாபுரம் தெருவின் நான்காம் வீட்டு ராஜபாண்டி அண்ணாச்சி கொண்டுவந்தார். பால்காரருக்கு முன்னால் வந்தார். தலையில் மப்ளர், கையில் டார்ச், வாயின் இடது ஓரத்தில் புகையிலை. "ஏளா, நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றார்.

வாசகரே, காரணம் கண்டவர் என்றொரு இனம் நம் நாட்டில் உண்டு. ஒருவன் குடிக்கிறான் என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில் அவர்களுக்கு நாற்காலி வேண்டும். நாற்காலி கிடைத்ததும் டீ வேண்டும். டீ கிடைத்ததும், குடிக்கிறவன் ஏன் குடிக்கிறான் என்று, குடிக்கிறவனைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்லியாக வேண்டும். "அவன் எப்படி இருக்கான்?" என்று இவர்கள் கேட்டு யாரும் பார்த்ததில்லை. "எப்படி ஆரம்பிச்சுது தெரியுமா?" என்பதுதான் வழக்கம். உங்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். தெரியும் என்று சொல்லிப் பாருங்களேன். முகம் வாடிவிடும்.

அன்று உடம்பு வீடு வந்து சேர எட்டு மணி ஆயிற்று. அதற்குள் ராஜபாண்டி அண்ணாச்சி ஐந்து காரணம் சொல்லியிருந்தார். எங்கள் அப்பாவின் ரத்தம், துறைமுகத்து நைட் ஷிப்ட், தொண்டையில் படிகிற நிலக்கரித் தூசியை இறக்க ஒரு கட்டிங் போட்டால்தான் உண்டு என்று லாரிக்காரர்களிடையே இருக்கிற நம்பிக்கை, தலைச்சன் பிள்ளை என்று அம்மா கொடுத்த செல்லம், பிறந்த நட்சத்திரம். ஆறாவதாக மதினியைச் சொன்னார். "பொம்பள ஓயாம நச்சரிச்சா ஆம்பள எங்க போவான்?" ஏழாவதாகவும் மதினியைத்தான் சொன்னார். "ஒரு சொல்லு கண்டிச்சிருக்கணும்லா. விட்டுட்டா."

திட்டினால் நிம்மதியில்லாமல் குடித்தான். திட்டாவிட்டால் கேட்க ஆளில்லாமல் குடித்தான். இந்தக் காரணங்கள் எங்கே சுற்றினாலும் கடைசியில் செத்துப்போன ஒருவர் தலையிலோ, திருப்பிப் பேச முடியாத ஒரு பெண்ணின் தலையிலோதான் போய் இறங்கும். நாற்காலியில் இருப்பவர் தலையில் ஒருநாளும் இறங்காது.

புகையிலையை வலது ஓரத்துக்கு மாற்றிக்கொண்டு அண்ணாச்சி முடித்தார். "என்ன காரணம் இருந்தாலும், பழக்கம்னா மனசுக் கட்டுப்பாடுதான். வேறொண்ணும் இல்ல."

காரணம் கண்டவருக்கு வைத்தியமும் தெரிந்திருக்கும். மருந்தின் பெயர் தெரியாது, ஆனால் கொடுக்கிறவர் வீட்டுக்குப் போகும் வழி தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணாச்சி கயத்தாறுப் பக்கம் யாரிடமோ ஒரு பொடி வாங்கி வந்தார். குடிக்கிறவனுக்குத் தெரியாமல் மூன்று நாள் குழம்பில் கலந்து கொடுத்தால் வாடையே பிடிக்காமல் போய்விடுமாம். மதினி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? சாளை மீன் குழம்பில் கலந்தாள். அன்று பார்த்து பேச்சிராஜா வெளியில் பரோட்டா தின்றுவிட்டு வந்தான். மதினி, இரண்டு பிள்ளைகள், விருந்துக்கு வந்திருந்த மதினியின் அம்மா, ருசி பார்க்க ஒரு கரண்டி வாங்கிய அண்ணாச்சி, அத்தனை பேரும் வாசலில் வரிசையாக உட்கார்ந்து வாந்தி எடுத்தார்கள். முழு போதையில் இருந்த என் அண்ணன் ஒருவன்தான் நிமிர்ந்து நின்றான். அவன்தான் ஆட்டோ பிடித்து எல்லாரையும் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையோடு அண்ணாச்சி சொன்னார், "மருந்து வேலை செய்யுது, பாத்தியா?"

அதற்குப் பிறகு, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக் கயிறு கட்டுகிற கோயிலுக்குக் கூட்டிப் போனார். ஆறு மாதத்துக்குக் கயிறு. பேச்சிராஜா நல்லவன், சாமிக்குப் பயந்தவன். கயிற்றைக் கழற்றி, மஞ்சள் துணியில் மடித்து, டிரெய்லரின் டேஷ்போர்டில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் குடித்தான்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போனதில் நாலு வருஷம் போய்விட்டது.

இப்போது லிங்கராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தம்பி. கப்பலில் கன்டெய்னர்களைக் கட்டுகிற வேலை. என்னோடு இருக்கிறான். அவனும் குடிப்பான். அண்ணனின் கண்கள் மஞ்சளான அன்று பயந்துபோய், என்னைக் கூப்பிட்டுக்கொண்டு அவனாகவே சிகிச்சை மையத்துக்கு வந்தான். அங்கே ஆலோசகர் விஜிலா மேடம். கடற்கரைத் தெருக்காரர், குரல் உயர்த்தாமல் பேசுகிறவர்.

நான் காரணங்களை ஆரம்பித்தேன். படித்தவள் இல்லையா? அப்பா குடித்தது, தம்பி பதினாறு வயதில் லாரி கிளீனராக ஏறியது, ராத்திரி வேலையில் தூக்கம் போனது, கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் குடிப்பது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரிதான்க்கா. இதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சேந்தா ஆபத்து கூடும். ஆனா தலையெழுத்து இல்ல. அதே அப்பாவுக்குப் பொறந்த நீங்க குடிக்கலையே." பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எத்தன மணிக்குத் தோணும்? எந்த எடத்துல?"

ஏன் என்று கேட்காமல் எத்தனை மணிக்கு என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். லிங்கராஜ் டக்கென்று பதில் சொன்னான். சாயந்தரம் ஆறரை. துறைமுக வாசலிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில், கடை கண்ணில் பட்டதும்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். வழியை மாற்றச் சொன்னார் விஜிலா. தோன்றினால் ஒரு இருபது நிமிஷத்தைத் தள்ளச் சொன்னார், கையில் ஏதாவது வேலையோடு. அன்றிலிருந்து அவன் உப்பளத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டி வந்தான். வந்ததும் பைக்கைக் கழுவுவான். சில நாள் இரண்டு தடவை கழுவுவான். எங்கள் தெருவில் அவ்வளவு சுத்தமான பைக்கை யாரும் பார்த்ததில்லை. "பெட்ரோலுக்குக் கேடு" என்றார் அண்ணாச்சி. "கயிறுன்னா ஒரே நாள் சோலி."

அண்ணன் இறந்த அன்று லிங்கராஜ் குடிக்காமல் இருபத்துமூன்று நாள்.

பதினொரு மணிக்கு எடுப்பதாக இருந்தது. குழி வெட்டுகிறவர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் சரக்கு வாங்கிக் கொடுப்பது இங்கே வழக்கம். அரசாங்கக் கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். ஆகவே குடித்துச் செத்தவனை எடுப்பது, கடை திறப்பதற்காக இரண்டு மணிக்குத் தள்ளிப்போனது. உயிரோடிருந்தபோதும் அவன் அதே பன்னிரண்டு மணிக்காகத்தான் காத்திருப்பான்.

யாரை அனுப்புவது என்று பேச்சு வந்தது. அண்ணாச்சி நாற்காலியிலிருந்து கைநீட்டினார். "லிங்கராஜ் போகட்டும். அவனுக்குத்தான் வகை தெரியும். பழகின கடக்காரன், கூட்டத்துல முன்னால விடுவான்."

"நான் அந்தப் பக்கம் போறதில்ல அண்ணாச்சி" என்றான் தம்பி.

"ஏலே, உன்னக் குடிக்கவா சொல்லுதேன்? வாங்கிட்டு வரத்தானல சொல்லுதேன். ஒங்கண்ணனுக்குக் கடைசியாச் செய்ற காரியம்லா."

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். லிங்கராஜ் என்னைப் பார்த்தான். நான் அண்ணனைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கிற நீர்மாலைக்குக் குடம் விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கி முடித்த குடம்தான். மறுபடியும் புளியைப் போட்டுத் தேய்த்தேன். துஷ்டி வீட்டில் பெரியவர்களை எதிர்த்துப் பேசினால் என்ன நினைப்பார்கள்?

ஒன்றே முக்காலுக்குள் திரும்பிவிட்டான். மஞ்சள் பையை அண்ணாச்சியின் காலடியில் வைத்துவிட்டு, அண்ணன் தலைமாட்டில் போய் உட்கார்ந்தான். குடிக்கவில்லை. "பாத்தியளா, மனசுக் கட்டுப்பாடு" என்று அண்ணாச்சி சபைக்குச் சொன்னார், ஏதோ தாமே பழக்கிவிட்ட மாதிரி.

மயானத்திலிருந்து திரும்பிய பிறகு பையில் ஒரு பாட்டில் மீதி இருந்தது. அண்ணாச்சி குடிக்கமாட்டார். பரிமாறுவார். எல்லாருக்கும் ஊற்றியபின் பாட்டிலின் மூடியில் கொஞ்சம் ஊற்றித் தம்பியிடம் நீட்டினார்.

"அண்ணன் பேரச் சொல்லி இத மட்டும் குடி. மூடி அளவுக்கு யாரும் கெட்டுப்போனதில்ல."

குடித்தான்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவன் கடை வாசலில் நின்றதாக முத்துக்கனி அத்தை வந்து சொன்னாள். நேர்வழியில்தான் போயிருக்கிறான். பைக் புழுதியோடு நிற்கிறது.

நான்காம் நாள் அண்ணாச்சி வந்தார். நாற்காலி போட்டேன். டீ கொடுத்தேன். "விஷயம் என்னன்னா" என்று தொடங்கி மூன்று காரணம் சொன்னார். அண்ணன் போன ஏக்கம். அப்பாவின் ரத்தம். அந்த மையத்தில் பேசிப் பேசியே அனுப்புகிறார்கள், ஒரு பொடி உண்டா, கயிறு உண்டா? மூடி அந்தப் பட்டியலில் இல்லை.

"அவன் மறுபடியும் மையத்துக்குப் போறேன்னு சொல்லுதான் அண்ணாச்சி" என்றேன். "இந்தத் தடவ அங்கனயே பத்து நாள் தங்கணுமாம். கூட ஒரு ஆள் இருக்கணும். ஆள் வந்தாத்தான் வருவேங்கான்."

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். "நான் வந்திருவேன் ஏளா. முடியாததுக்கு இடுப்பு வலிதான் காரணம்."

வாசகரே, இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டு வந்த உங்களிடம் ஒன்று கேட்கிறேன். லிங்கராஜ் அந்த மூடியைக் குடித்ததற்கு யார் காரணம் என்று இதற்குள் முடிவு செய்துவிட்டீர்களா? அண்ணாச்சியா? வழக்கமா? குடம் தேய்த்த அக்காவா? பதில் உங்களிடம் தயாராக இருக்குமானால், அதுவும் இரண்டு மூன்று இருக்குமானால், பக்கத்தில் யாராவது கேட்க மாட்டார்களா என்று நாக்கு துறுதுறுக்குமானால், ஒரு தடவை குனிந்து நீங்கள் எதில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலும் யாராவது ஒருவர் உங்களுக்காக டீ போட்டுக்கொண்டிருக்கலாம்.

என்னைக் கேட்டால், நான் அண்ணாச்சியைவிடத் தேறியவள். மையத்திலிருந்து நேற்று சேர்க்கைப் படிவம் வாங்கி வந்தேன். 'குடிக்கத் தொடங்கிய காரணம்' என்ற இடத்தில் இரண்டு வரிதான் விட்டிருக்கிறார்கள். போதவில்லை. ஓரம் வரை நெருக்கி எழுதி, பின்பக்கத்திலும் முக்கால்வாசி நிரப்பியிருக்கிறேன். அதற்குக் கீழே, 'உடன் தங்குபவர் பெயர்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை இன்னும் எழுதவில்லை.