கித்தாருக்கு அசையாத கிடாய்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மேடையில் கித்தார் வாசித்திருக்கிறேன். ஒரு புகைப்படத்தில்கூட என் முழு முகம் கிடையாது. பாடகரின் தோளுக்குப் பின்னால் ஒரு காது தெரிந்தால் அது நான். படத்தின் ஓரத்தில் கித்தாரின் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால், அதைப் பிடித்திருப்பவனும் நான்தான். கல்யாணம், மாதா கோயில் திருவிழா, தர்கா கந்தூரி, கட்சிக் கூட்டம், ஒலிப்பதிவுக் கூடம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், கேட்டதை வாசித்து, போட்ட சோற்றைத் தின்றுவிட்டு வந்தவன். (என் பெயரே கல்யாணப் பத்திரிகை அச்சான பிறகுதான் தனக்குத் தெரியும் என்று என் மனைவி சொல்வாள். அதை நம்ப வேண்டாம்.)

ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, மேடையின் நட்டநடுவில் நின்று தனியாக வாசித்தேன். கேட்பதற்கு நானூறு பேரும் ஒரு கிடாயும் இருந்தார்கள். கடைசிவரை கவனமாகக் கேட்டது கிடாய் மட்டும்தான்.

எங்கள் ஊர் பரமக்குடிக்குத் தெற்கே, மழையை நம்பி மிளகாய் போடுகிற ஊர். அங்கே சென்னை வானொலி கரகரவென்று இருக்கும். கடலுக்கு அந்தப் பக்கத்து வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி தெளிவாகக் கேட்கும். அதில் வாரம் ஒருநாள் இங்கிலீஷ் பாட்டுப் போடுவார்கள். சில பாட்டுகள் முடியவே முடியாது. ஏழு ஏழாக எண்ணிக்கொண்டு போன தாளம் திடீரென்று ஐந்துக்குத் தாவும், அங்கிருந்து ஒன்பதுக்குப் போகும், நடுவில் எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒருத்தர் மட்டும் கித்தாரில் அழுவார். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. களையெடுக்கும்போதெல்லாம் வாய்க்குள் ஏழுவரை எண்ணிக்கொண்டே இருப்பேன். பக்கத்து வரப்பில் இருந்தவர்கள் மிளகாய்ச் செடியை எண்ணுகிறேன் என்று நினைத்து அய்யாவிடம் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பாராட்டியிருக்கிறார்கள்.

பிறகு மதுரையில் ஒரு பழைய கித்தார் வாங்கி, பரமக்குடியில் பாண்டி அண்ணன் நடத்திய மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். சொந்தமாக ஒரு உருப்படியும் செய்தேன். பெயர் 'ஏழு கடல்'. ஏழு பாகம், இருபத்திரண்டு நிமிடம். அதை ஒருநாள் மேடையில் வாசிக்க விடுங்கள் என்று பாண்டி அண்ணனிடம் இரண்டு வருடம் கெஞ்சினேன்.

"ஏலே, சனம் மூணு நிமிசம் தாங்கும்லே. நீ இருபத்திரண்டு நிமிசம் வாசிச்சா கல்யாணத்துக்கு வந்தவன் கருமாதிக்குப் போற மொகத்தோட போவான்" என்பார்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு இசைக்குழுத் தலைவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்காகப் பரமக்குடி வந்தார். எங்கள் கச்சேரியைக் கேட்டுவிட்டு, என் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு, "கடுதாசி போடுறேன், கிளம்பி வந்துடு தம்பி" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அடுத்த ஐந்து மாதம் தபால்காரரை நான் படுத்திய பாட்டில், அவர் எங்கள் தெருவுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். கடிதம் வரவில்லை.

ஐந்தாம் மாதம் அய்யா என்னைக் கூப்பிட்டார்.

"வரணும்னா வந்திருக்காதா? ஒனக்கு அந்தத் தகுதி இல்லேன்னுதான அர்த்தம்? ஒன்னு செய்யி. ஒங்க அக்கா மகன் காதுகுத்துல ஒன் கச்சேரிய நானே வைக்கச் சொல்லுறேன். சம்பந்தி வீட்டுல நாலு பேரு நல்லாருக்குன்னு சொல்லட்டும், அதுக்கப்பறம் நீ எங்கிட்டுப் போனாலும் நான் கேக்கல. இல்லேன்னா கித்தாரு பரண்ல ஏறணும், நீ ஐப்பசி மழைக்கு வயல்ல எறங்கணும்."

"சரிங்கய்யா" என்றேன். அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்: வாசித்தால் 'ஏழு கடல்'தான், அதுவும் ஏழு பாகமும். வானமே இடிந்தாலும் நடுவில் நிறுத்துவதில்லை. (இருபத்திரண்டு வயது. அந்த வயதில் எடுக்கிற முடிவுகளுக்கு யாராவது தடை வாங்கி வைக்க வேண்டும்.)

அக்கா வீட்டாரின் குலசாமி கோயில் உப்பூருக்குப் பக்கத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு உடைமரத்தடியில் இருந்தது. ஆவணி மாதம், காலை நேரம். நாலு பனைமரத்தில் நாலு திசையைப் பார்த்துக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நான் தாய்மாமன், என் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அதற்கு நான் வந்த கோலம், யானைக்கால் அகலத்துக்குப் பெல்பாட்டமும் தோள்வரைக்கும் முடியும்.

"டேய், இந்தக் காச்சட்டையோட எப்பிடிரா சம்மணம் போட்டு ஒக்காருவ? பிள்ளைய எங்கன வைக்க?" என்று அக்கா கேட்டாள். தொடையில் அவ்வளவு இறுக்கம், முழங்கால் மடங்காது என்பது அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நேர்ந்துவிட்ட கிடாயைச் சாமி முன்னால் நிறுத்தி, மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடாய் உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வெட்டு, காதுகுத்து, சாப்பாடு எல்லாம். சிலுப்பாவிட்டால் சாமிக்கு ஏதோ மனக்குறை. வந்திருப்பவர்களில் யாராவது செய்த குற்றத்தை மறைக்கிறார்கள். அவர்கள் சாமி முன்னால் வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்டால்தான் கிடாய் அசையும். இந்த இரண்டாவது பகுதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கிடாய்க்குக் கொட்டு அடிக்க வேண்டிய மேளக்காரர்கள் வந்த பேருந்து தேவிபட்டினத்துக்கு இந்தப் பக்கம் படுத்துவிட்டது. அக்காவின் மாமனார் பாண்டி அண்ணனிடம் வந்தார்.

"சத்தம் இல்லாம சாமி காரியம் ஆகாதுங்க. ஒங்க ஆளுகளயே எதையாச்சும் வாசிக்கச் சொல்லுங்க."

பாண்டி அண்ணன் ஆர்மோனியத்தில் கை வைப்பதற்குள், நான் நடுமேடைக்கு வந்துவிட்டேன். "அண்ணே, நான் வாசிக்கிறேன்." அவர் வேண்டாம் என்று தலையாட்டியதை வேறு பக்கம் திரும்பிக்கொண்டு பார்க்காமல் விட்டேன். முன்வரிசையில் அய்யா கைகட்டி உட்கார்ந்திருந்தார். டிரம்ஸ் வாசிக்கும் சேவியரிடம், "ஏழு எண்ணிக்கை, விடாத" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். (வெளிநாட்டுக் கித்தார்க்காரர் ஒருவரின் படத்தை ஒரு பத்திரிகையில் பார்த்திருந்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். ஆகவே நானும்.)

பூசாரி முதல் செம்புத் தண்ணீரை ஊற்றினார். கிடாய் சிலுப்பப் போனது என்றுதான் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அதே நொடியில் என் முதல் சுரம் நாலு குழாயிலும் ஊளையிட்டுக் கிளம்பியது. கிடாய் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு காதையும் தூக்கி, மேடையைப் பார்த்து, அசைபோடுவதைக்கூட நிறுத்திவிட்டதாம்.

இரண்டாவது செம்பு. அசையவில்லை. ஒரு குடம். அசையவில்லை. சாமியாடி எழுந்து ஆடப் பார்த்தார். ஆனால் அவர் கால் நாலு எண்ணிக்கைக்குப் பழகிய கால். என் ஏழுக்கு அவர் தூக்கிய காலை எப்போது இறக்குவது என்று தெரியாமல் ஒற்றைக்காலில் நின்று, கடைசியில் பூசாரியின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"யாரோ மறைக்கிறீக! எதுவா இருந்தாலும் சொல்லிருங்க!" என்று பூசாரி சத்தம் போட்டார்.

நான் அப்போது இரண்டாம் பாகத்தில் இருந்தேன். கூட்டத்திலிருந்து "அய்யோ சாமி!", "அப்பனே!" என்றெல்லாம் குரல்கள் கேட்டன. ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், கண்ணில் நீர் வந்துவிட்டது. இன்னும் அழுத்தி வாசித்தேன்.

பிறகு சேவியர் சொல்லித்தான் தெரியும், அங்கே நடந்தது வேறு. முதலில் எழுந்தவர் அக்காவின் மாமனார். பங்காளி வரப்பை வருடத்துக்கு ஒரு விரற்கடை வெட்டித் தன் வயலோடு சேர்த்துக்கொண்டதைச் சொல்லி விழுந்து கும்பிட்டார். கிடாய் அசையவில்லை. அந்தப் பங்காளி எழுந்து, பதிலுக்குத் தான் அவர் கண்மாய்த் தண்ணீரை ராத்திரியில் மடை திறந்து திருப்பியதைச் சொன்னார். அசையவில்லை. அத்தான், விரதம் என்று சொல்லிவிட்டு உப்பூர்க் கடையில் மீன் வறுவல் தின்றதைச் சொன்னார். அக்கா அவரை முறைத்தபடி, மாமியாருக்குத் தெரியாமல் நாத்தனாரின் சேலையைத் தன் தங்கச்சி முறைக்காரிக்குக் கொடுத்தது தானே என்றாள். நானூறு பேர் முன்னால் ஒரு குடும்பமே தோலுரிந்து நின்றது. என் நாலாம் பாகத்துக்குள் மூன்று வீட்டுப் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது.

கிடாய் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பொண்ணு வீட்டுப் பக்கம் யாரும் இன்னும் வாயத் தொறக்கலையே" என்றார் அக்காவின் மாமனார். எல்லோருடைய பார்வையும் அய்யா மேல் போனது. அய்யாவுக்கு வியர்த்து ஊற்றியதாம். இதோ முடித்துவிடுவான், இதோ முடித்துவிடுவான் என்று என்னையே இரண்டு முறை திரும்பிப் பார்த்தாராம். நான் ஐந்தாம் பாகத்தைத் தொடங்கினேன். அய்யா எழுந்து சாமி முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். என்னவோ சொன்னார். என் வாழ்க்கையை மாற்றிய அந்த வாக்கியத்தை, நானே என் கித்தாரால் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

அதே நேரம், பொறுக்கமுடியாமல் சேவியர் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு வந்து ஒலிபெருக்கிக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினான். திடீரென்று விழுந்த அமைதியில் அய்யாவின் பேச்சில் கடைசித் துண்டு மட்டும் எனக்குக் கேட்டது.

"...மொளகா மூட்டைக்குள்ளதான் வச்சிருக்கேன், சாமி!"

கிடாய் தலையிலிருந்து வால்வரைக்கும் சிலுப்பியது. மஞ்சள் தண்ணீர் முன்வரிசை முழுக்கத் தெறித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். நான் கண்ணைத் திறந்து, குலவை எனக்கென்று நினைத்து, குனிந்து வணக்கம் சொன்னேன்.

"என்னண்ணே, மூட்டைக்குள்ள என்ன?" என்று பாண்டி அண்ணனிடம் கேட்டேன்.

"ஒன் மெட்ராஸ் கடுதாசிலே, மடப்பயலே. வந்து நாலு மாசமாச்சாம். ஒங்கய்யா ஒளிச்சு வச்சிருக்காரு."

கோபத்தில் கித்தாரைக் கழற்றிக் கீழே வைத்தேன். நான் தபால்காரரோடு மல்லுக்கு நின்றதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாரே மனிதர்! அக்கா மகனை மடியில் வைத்திருந்தபோதும் (பெல்பாட்டத்தைத் தையல் பிரித்துத்தான் உட்கார வேண்டியிருந்தது) நான் அய்யாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பந்தியில் அவரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலையில் கறி விழுந்தது. என்னை அவ்வளவு கவனமாகக் கேட்ட ஒரே ரசிகனை இப்படியா சந்திக்க வேண்டும் என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன்.

"ஏய்யா ஒளிச்சு வச்சீக?" என்று கேட்டேன்.

சோற்றைப் பிசைந்தார். "போனா வரமாட்டியோன்னு நெனச்சேன். வீட்டுல நீ ஒருத்தந்தான சத்தம் போட்டுக்கிட்டுத் திரியிற." பிறகு, "சாமியே சொல்லிருச்சு. போயிட்டு வா. கறியத் தின்னு" என்றார். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தின்றேன்.

நாலு பேர் நல்லாருக்கு என்று சொன்னார்களா என்று நீங்கள் கேட்கலாம். ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அந்தச் சொந்தங்களில் பாதிப்பேர் ஆறு மாதம் எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

மூட்டையைப் பிரித்துக் கடிதத்தை எடுத்தோம். மிளகாய் நெடியில் ஒரு வரிக்கு ஒரு தும்மலாகப் படித்தேன். சென்னைக்குப் போய் நின்றபோது அந்தத் தலைவர், "கித்தாருக்கு ஆள் போட்டாச்சேப்பா, நாலு மாசமா எங்கே போயிருந்தே? மாண்டலின் வருமா?" என்றார். மாண்டலினை அதுவரை நான் கடைக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருந்தேன். ஊருக்குத் திரும்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. "வரும் சார்" என்றேன். எட்டு நாளில் வந்தது. பிறகு பேஸ் கித்தார் வருமா என்றார்கள், வரும் என்றேன். பான்ஜோ வருமா என்றார்கள். அது என்னவென்று தெரியாமலே வரும் என்றேன். எந்த வாத்தியத்தைக் கொடுத்தாலும் வாசிப்பவன் என்று எனக்குக் கிடைத்த பெயர் இப்படி வந்ததுதான்.

கிடாய் எதனால் சிலுப்பியது என்பதில் எங்கள் குடும்பம் இன்றுவரை இரண்டு கட்சி. கடிதத்தைச் சொன்னதால்தான் என்று கடைசிவரைக்கும் அய்யா சொன்னார். கித்தார் நின்றதால்தான் என்பது சேவியர் கட்சி. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் ஒரே கருத்து: நான் வாசித்தால், மறைத்து வைத்திருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். எங்கள் வீட்டில் யார் எதை மழுப்பினாலும், "கித்தார எடுக்கச் சொல்லவா?" என்றுதான் மிரட்டுவார்கள்.

அன்றைக்குக் காது குத்திக்கொண்ட பிள்ளை வளர்ந்து, கோயம்புத்தூரில் வேலைக்குப் போய், எந்தப் பெண்ணைக் காட்டினாலும் வேண்டாம் என்றான். மனதில் யாரும் இருக்கிறார்களா என்றால், சத்தியமாக யாரும் இல்லை என்று சாதித்தான். ஒரு தீபாவளிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, அந்தக் கித்தார எடுடா" என்றாள். எழுந்துபோய் உறையின் ஜிப்பைப் பாதிதான் இழுத்திருப்பேன். அதற்குள் பெண்ணின் பெயர், ஊர், அவள் அப்பா பார்க்கிற வேலை எல்லாம் வந்துவிட்டன.